பன்னிரண்டு புள்ளி ஒன்று

சாங்வோன், 21 மே 2018

டாக்டர் பியோ ஜேஹுன் அவர்களுக்கு,

என் பெயர் ஓக் மிக்யோங். வயது நாற்பத்தேழு. மார்ச் ஐந்தாம் தேதி மாசானில் உங்கள் கிளினிக்கில் வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் எலும்பில் துளையிட்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவள். கடைசியாக வந்தபோது வரவேற்பறையில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனவள் என்றால் உடனே ஞாபகம் வரும். அன்று அங்கே காத்திருந்த மற்றவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

இதைச் சான்றுத் தபாலில் அனுப்புகிறேன். ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று தபால் நிலையத்தில் இருக்கும். வழக்குப் போடுகிறவர்கள்தான் இப்படி அனுப்புவார்கள் என்பது தெரியும். நான் நஷ்டஈடு கேட்கவில்லை. ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் எழுத்தில் வேண்டும். இருபது நிமிட பஸ் தூரம்தான். ஆனால் நேரில் வந்தால் மறுபடி சத்தம் போடுவேன்.

மார்ச் ஐந்து மாலை, ஊசி போட்டு மரத்த உதடு தெளியவில்லை. ஆறு காலையில் போன் செய்தேன். நீங்களே பேசினீர்கள். மரப்பு போக நாளாகும் என்றீர்கள். நான் விடாமல் கேட்டதும் நீங்கள் சொன்னது இது: "படத்துல நரம்புக்கு மேல எலும்பு பன்னிரண்டு புள்ளி ஒன்னு மில்லிமீட்டர் இருக்கும்மா. நான் வெச்சது பத்து. நரம்பு பக்கம் போயிருக்கவே முடியாது."

எட்டாம் தேதி நேரில் வந்தேன். திரையில் மஞ்சள் கோடு ஒன்றைக் காட்டி அதே எண்ணைச் சொன்னீர்கள். வைட்டமின் மாத்திரை கொடுத்தீர்கள். ஏப்ரலிலும் அதே எண், அதே மாத்திரை. இந்த மாதம் ஒன்பதாம் தேதி புசானில் ஒரு பெரிய மருத்துவமனையில் இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டார்கள். கீழுதட்டின் வலப்பாதி முகவாய் வரைக்கும் இன்னமும் மரத்தே கிடக்கிறது. சூப் வழிந்தால் சட்டையில் விழுந்த பிறகுதான் தெரிகிறது.

நான் ஒரு பேரிங் தொழிற்சாலையின் அளவறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். லேத்தில் கடைந்து வரும் தண்டுகளையும் வளையங்களையும் அளந்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவேன். அதனால் என் கேள்வி இதுதான். பன்னிரண்டு புள்ளி ஒன்று என்ற எண் எப்படி வந்தது? எங்கிருந்து எங்கே அளந்தீர்கள், எத்தனை முறை, யார் அளந்தது?

ஓக் மிக்யோங்


மாசான், 4 ஜூன் 2018

மதிப்பிற்குரிய ஓக் மிக்யோங் அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு ஏற்பட்டுள்ள சிரமத்துக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் கிளினிக்கில் இருப்பது பற்களுக்கான கூம்புக்கதிர் சிடி. கதிர் கூம்பாக விரிந்து தலையை ஒரு முறை சுற்றி வரும். அதிலிருந்து கணினி தாடையை மிகச் சிறிய கனசதுரங்களாகக் கட்டிக் காட்டும். ஒரு கனசதுரத்தின் பக்கம் 0.2 மில்லிமீட்டர். தாடையை ரொட்டி போலக் குறுக்கே வெட்டிப் பார்த்து, எலும்பின் மேல் விளிம்பிலிருந்து நரம்புக் குழாயின் கூரை வரை திரையில் கோடு போட்டு அளப்போம். தங்கள் விஷயத்தில் அளந்தது நான். ஒரு முறை அளந்தேன்.

இம்முறையில் பிழை அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நரம்பின் போக்கு ஆளுக்கு ஆள் மாறும். உணர்வு மாற்றம் ஏற்படக்கூடும் என்பது தாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நான்காம் பத்தியில் உள்ளது. தாங்கள் எப்போது வந்தாலும் கட்டணமின்றிப் பரிசோதிக்கத் தயாராக இருக்கிறேன்.

பியோ ஜேஹுன்


சாங்வோன், 12 ஜூன் 2018

டாக்டர்,

நான்காம் பத்தியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஒரு முறைதான் அளந்தேன் என்று மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. எங்கள் அறையில் ஒரே முறை அளந்தால் அதை அளவு என்றே சொல்ல மாட்டோம். அது இருக்கட்டும். இன்னொன்று கேட்கிறேன். அந்த இயந்திரம் காட்டும் நீளம் சரிதானா என்று அதை வாங்கிய இந்த நான்கு வருடத்தில் யாராவது பார்த்தார்களா? கதிர் கசிகிறதா, படம் தெளிவாக விழுகிறதா என்று பார்க்க அதிகாரிகள் வருவார்கள். நான் கேட்பது நீளத்தை. என் வெர்னியரை வாரம் ஒரு முறை அளவுக்கட்டை வைத்துச் சோதிக்காவிட்டால் எனக்கு மெமோ வரும்.

இத்துடன் ஒரு இரும்புக் கட்டை அனுப்பியிருக்கிறேன். அதில் இரண்டு நீளத் துளைகள் இணையாக ஓடுகின்றன. இடைவெளி பன்னிரண்டு மில்லிமீட்டர். ஐந்து முறை அளந்திருக்கிறேன். இதை உங்கள் இயந்திரத்தில் வைத்துப் படம் எடுத்து அளந்து, வரும் எண்ணை எழுதுங்கள். சரியான விடை உங்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் வந்ததையே எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன்.

கட்டையைச் செய்து கொடுத்தது எங்கள் லேத் பிரிவு ஃபோர்மேன் தாக் யோங்சு. மதிய உணவு நேரத்தில் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்தார். "ஏம்மா அளவறை, டாக்டர பயமுறுத்தியாச்சு. இப்ப அவரு மெஷினயும் பயமுறுத்தப் போறியா?" என்று கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பேசுவார். இழைத்த விளிம்புகளை மட்டும் மூன்று முறை தேய்த்துக் கொடுத்தார்.

ஓக் மிக்யோங்


மாசான், 27 ஜூன் 2018

அம்மையாருக்கு,

கட்டை கிடைத்தது. நோயாளிகள் போன பிறகு, தாடை வைக்கும் இடத்தில் ஒரு பஞ்சுத் தலையணையைக் கட்டி அதன்மேல் வைத்து எடுத்தோம். அளக்க முடியவில்லை. இரும்பு கதிரை மறித்துவிடும். படம் முழுக்க வெளிச்சக் கீற்றுகள்தான். துளை எங்கே, கட்டை எங்கே என்றே தெரியவில்லை. இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் தலைமை உதவியாளர் மா ஹேரிம் திரையைப் பார்த்துவிட்டு, "டாக்டர், இந்தப் பேஷன்ட் பட்டாசு தின்னுட்டு வந்திருக்காரு" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். தங்கள் கடிதம் மேசைமேல் இருக்கும்போது சிரித்தது சரியில்லை என்று பிறகு பட்டது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டிக்கில் செய்து அனுப்பினால் படம் விழும். தங்கள் உதடு எப்படி இருக்கிறது என்று ஹேரிம் கேட்கச் சொன்னார். நானும் கேட்கிறேன்.

பியோ ஜேஹுன்


சாங்வோன், 9 ஜூலை 2018

டாக்டர்,

அக்ரிலிக் கட்டை இத்துடன் இருக்கிறது. துளைகளும் இடைவெளியும் முன்பு போலவே. பார்சலைக் கட்டும்போது தாக், "இதுவும் தேறலேன்னா அடுத்தது முள்ளங்கில செஞ்சு தர்றேன்" என்றார். ஐந்து முறை அளக்கவும். ஒவ்வொரு முறையும் கட்டையை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கவும்.

உதட்டைக் கேட்டிருந்தீர்கள். போன வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவு மொத்தமும் உங்கள் ஊர் அகு மீன் கடைக்குச் சாப்பிட வந்தோம். மிளகாய்க் குழம்பு எனக்குத் தெரியாமலே முகவாயில் வழிந்திருக்கிறது. எதிரே இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார்கள். தாக் என் பக்கம் திரும்பாமலே ஒரு காகிதத் துண்டை நகர்த்தி வைத்தார். அவர் எப்போதும் போலக் கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புசான் டாக்டர் இரண்டு ஊசிமுனைகளை உதட்டில் வைத்துப் பார்ப்பார். இடப்பக்கம் ஐந்து மில்லிமீட்டர் விலகினாலே இரண்டு என்று தெரிகிறது. வலப்பக்கம் பதினேழு விலகினாலும் ஒன்றாகத்தான் படுகிறது. உள்ளே வலி மட்டும் வருகிறது. தொட்டால் தெரியாத இடம் வலிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஓக் மிக்யோங்


மாசான், 20 ஜூலை 2018

அம்மையாருக்கு,

தாங்கள் சொன்னபடியே ஐந்து முறை எடுத்து அளந்தேன். 11.9, 12.0, 12.0, 12.1, 11.9. வந்ததை வந்தபடியே எழுதியிருக்கிறேன்.

இயந்திரத்தில் பிழையில்லை. இதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தங்களுக்கும் ஒரு தெளிவு கிடைத்திருக்கும். இனி இதை யாருடைய குற்றமும் இல்லாத ஒன்றாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு நரம்பு லேசாக அழுந்தினாலே, கருவி அருகில் போகாமலே, இப்படி ஆவதுண்டு.

பியோ ஜேஹுன்


சாங்வோன், 30 ஜூலை 2018

டாக்டர்,

அளவுகோல் சரி. அப்படியானால் அதைப் பிடித்த கையைப் பார்க்க வேண்டும்.

அந்த அக்ரிலிக் கட்டையைச் சாய்த்து வைத்து மறுபடி படம் எடுங்கள். சாய்வைச் சரிசெய்யாமல், திரையில் மேலிருந்து கீழே நேர்க்கோடு போட்டு, ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு அளங்கள். அலமாரியின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே டேப்பை நேராகப் பிடித்தால் ஒரு அளவு வரும். கோணலாகப் பிடித்தால் அதைவிடக் கூடுதலாக வரும். தட்டுகளும் அதேதான், டேப்பும் அதேதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதே தப்பைச் செய்து பதினாறு தண்டுகளைத் தேறியது என்று அனுப்பினேன். பதினாறும் திரும்பி வந்தன.

நீங்கள் எனக்குச் சிடி எடுத்தது பிப்ரவரி இருபத்தாறு. அன்று எனக்குக் கழுத்துப் பிடித்திருந்தது. உங்கள் உதவியாளரிடம் சொன்னேன். தாடையைத் தூக்கியபடியேதான் அந்த இயந்திரத்தில் நின்றேன்.

என் படம் உங்களிடம்தான் இருக்கிறது. திறந்து பாருங்கள்.

ஓக் மிக்யோங்


சாங்வோன், 28 செப்டம்பர் 2018

டாக்டர்,

என் முந்தைய கடிதத்தை ஆகஸ்ட் முதல் தேதியே நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியதாகத் தபால் நிலையத்தில் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு நாள் ஆகிறது.

சூசோக் பண்டிகைக்கு ஜின்ஜுவில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னோர்களுக்குப் படைத்து முடித்ததும் அண்ணன் மருத்துவத் தகராறு மத்தியஸ்த ஆணையத்தின் படிவங்களை எடுத்து வைத்தார். என் பெயர், முகவரி, தேதி எல்லாம் அவரே நிரப்பியிருந்தார். "நீ கட்டையச் செஞ்சு விளையாடிக்கிட்டு இருக்க. அந்த ஆள் வக்கீல் வீட்ல உக்காந்திருப்பான்" என்றார். அண்ணி சோங்பியோன் கொழுக்கட்டைத் தட்டை நீட்டி, வாயைத் துடைத்துக்கொள் என்று என்னிடம் சைகை காட்டினார்.

கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும்தான் காலியாக இருக்கிறது. அக்டோபர் இருபது வரை பார்ப்பேன்.

ஓக் மிக்யோங்


மாசான், 14 அக்டோபர் 2018

ஓக் மிக்யோங் அம்மையாருக்கு,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்காரர், அவர்கள் அமர்த்திய வக்கீல், என்னோடு படித்த நண்பர் ஒருவர். "ஒரு வரி எழுதினாலும் அது உனக்கு எதிராத்தாண்டா பேசும். சும்மா இரு, அந்தம்மா தானா ஓஞ்சிடுவாங்க" என்றார் நண்பர். அந்தப் பேச்சுக்குள் இரண்டு மாதம் ஒளிந்துகொண்டிருந்தேன். அது வெட்கக்கேடு.

கட்டையை ஆகஸ்ட் இரண்டாம் தேதியே சாய்த்துப் பார்த்துவிட்டேன். இருபத்திரண்டு பாகை சாய்த்தபோது, பன்னிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி 12.9 என்று வந்தது.

ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கைத் திறந்து தனியாக உட்கார்ந்து தங்கள் படத்தைப் பார்த்தேன். தாடை நன்றாக மேலே தூக்கியிருக்கிறது. அளப்பதற்கு முன் திரையில் படத்தைத் திருப்பி, தாடை எலும்பை நேராக்கிவிட்டுத்தான் கோடு போட வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்று நான் அதைச் செய்யவில்லை. நேராக்கிவிட்டு ஐந்து முறை அளந்தேன். 11.2, 11.1, 11.2, 11.3, 11.2.

கழுத்து வலி என்று தாங்கள் சொன்னதும், அதனால் தான் தங்களை முகவாயைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னதும் ஹேரிமுக்கு நினைவிருக்கிறது. "நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும் டாக்டர்" என்று அழுதார். அவர் மீது தவறில்லை. படத்தை நேராக்க வேண்டியது என் வேலை. சாய்ந்திருப்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிற படம் அது.

இன்னொன்றும் இருக்கிறது. எலும்பில் துளை போடும் கருவியின் கூர்முனை, அதில் குறித்த ஆழத்தைவிட 0.8 மில்லிமீட்டர் கீழே போகும். பத்து என்றால் உண்மையில் 10.8. எனக்குத் தெரிந்த விஷயம்தான். பன்னிரண்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நரம்புக்கும் கருவிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறது என்று நான் நம்பிய இடத்தில் இருந்தது 0.4. அந்த எலும்பு நொறுங்கி நரம்பை அழுத்தியிருக்க வேண்டும்.

இதுவரை எழுதியவை தாங்களே கண்டுபிடித்துவிட்டவை. இனி எழுதப்போவதைத் தாங்கள் கேட்கவில்லை. ஆனால் இரண்டு மாதமாக என்னைத் தூங்கவிடாதது இதுதான். மார்ச் ஆறாம் தேதி காலை தாங்கள் போன் செய்தபோதே வரவழைத்து, அன்றே அந்த இம்ப்ளான்ட்டை எடுத்திருக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாளில் எடுத்தால் நரம்பு பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நாள் போகப் போக அந்த வாய்ப்பு குறையும். இது மாணவர்களுக்கே தெரியும். நான் எடுக்கவில்லை. உதடு மரத்திருக்கிறது என்று தாங்கள் மூன்று முறை சொன்னீர்கள். திரையில் பன்னிரண்டு புள்ளி ஒன்று என்றிருந்தது. நான் தங்களை நம்பாமல் அந்த எண்ணை நம்பினேன். தப்பாக அளந்ததைவிட இது பெரிய தவறு.

மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது யார் படமானாலும் முதலில் நேராக்கி, மூன்று முறை அளந்து, எழுதி வைத்துவிட்டுத்தான் துளை போடுகிறேன். உதடு மரத்திருக்கிறது என்று யார் போன் செய்தாலும், என்ன நேரமானாலும், அன்றே வரச் சொல்ல வேண்டும் என்று ஹேரிமிடம் சொல்லியிருக்கிறேன். நவம்பர் கடைசியில் இந்த வட்டாரப் பல் மருத்துவர்கள் கூட்டம் இருக்கிறது. தாங்கள் அனுமதித்தால் பெயரை மறைத்துத் தங்கள் படத்தை அங்கே காட்டி, நான் செய்ததைச் சொல்ல விரும்புகிறேன்.

இதைச் சான்றுத் தபாலில் அனுப்புகிறேன். ஒரு பிரதி தபால் நிலையத்தில் இருக்கும். எங்கே தேவைப்பட்டாலும் தாங்கள் இதைக் காட்டலாம்.

பியோ ஜேஹுன்


சாங்வோன், 11 நவம்பர் 2018

டாக்டர்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

அந்த முதல் இரண்டு நாள் விஷயம் எனக்கு மே மாதமே தெரியும். புசான் டாக்டர் என்னைப் பார்த்த அன்றே, "இத ஏம்மா மறுநாளே எடுக்கல?" என்று கேட்டார். உங்களுக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் நான் அதைக் குறிப்பிடவில்லை. நீங்களாக எழுதுகிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் விட்டிருந்தால் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். பேனாவை அந்தப் படிவத்தின் மேலேயே வைத்திருந்தேன்.

இப்போது போடவில்லை. அண்ணனுக்கு என்மேல் கோபம். கையில் ஆதாரத்தைக் கொடுத்த பிறகும் சும்மா இருக்கிறவளை என்ன சொல்வது என்று கேட்டு போனை வைத்துவிட்டார். என்னால் அவருக்கு விளங்க வைக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். இன்னும் முடியவில்லை. சூப் கிண்ணத்தைத் தூக்கும்போதெல்லாம் உங்கள் முகம்தான் வருகிறது. பொய் எழுத எனக்குப் பழக்கமில்லை. ஊசிமுனைச் சோதனையில் வலப்பக்கம் இந்த மாதம் பதினொரு மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறது. இதற்குமேல் வருமா என்று புசான் டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

படத்தைக் கூட்டத்தில் காட்டுங்கள். நேராக்குவதற்கு முன் இருந்ததையும் பின் இருந்ததையும் அருகருகே வையுங்கள். ஐந்து அளவுகளையும் எழுதுங்கள், சராசரி மட்டும் போதாது. இரும்புக் கட்டைப் படத்தையும் காட்டுங்கள். உங்கள் ஆட்களும் கொஞ்சம் சிரிக்கட்டும்.

இன்னொரு விஷயம். ஃபோர்மேன் தாக்குக்குப் போன மாதம் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இம்ப்ளான்ட் வைக்க வேண்டுமாம். கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, எந்த டாக்டரிடம் போகலாம் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"உன் உதட்ட இப்படி ஆக்குனவர்கிட்டயா?"

"அவர்கிட்டதான். அவரு அன்னிக்கு என்ன தப்பு செஞ்சாருன்னு எனக்கு வரிக்கு வரி தெரியும். மத்த டாக்டருங்க என்ன செய்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் என் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு முள்ளங்கிக் கிம்ச்சியை எடுத்துத் தின்றுவிட்டு, "வியாழக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்ல" என்றார்.

வியாழன் மூன்று மணிக்கு வருவார். தாடையை நேராக வைக்கச் சொல்லி நானே பழக்கிவிட்டிருக்கிறேன். ஆனாலும் நீங்கள் உங்கள் பங்குக்குப் பாருங்கள். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கேட்டால் சத்தியம் செய்து இல்லை என்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேஷன்ட் பேச்சை நம்பாமல், ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஓக் மிக்யோங்